போர்த்தடங் காண்டல்: சிங்கப்பூரில் இரண்டு நாள்

வரலாற்று நூலில் ஒரு பக்கத்திற் கற்று முடிக்கும் போரை, அது நிகழ்ந்த நிலத்தின்மீது நடந்து கற்பின், நூல் கூறாத பலவும் புலனாகும். இதற்குச் சிங்கப்பூர் மிகவும் ஏற்ற நகரம். ஆண்டுள்ள முதன்மையான போர்த்தடங்களை இரண்டு நாளிற் கண்டுவிடலாம். ரயிலும் பேருந்தும் உள்ளமையால் வழிகாட்டி ஒருவரை உடன்கொள்ள வேண்டுவதில்லை. ஆயின், இடங்களின் அண்மையை நோக்காது, நிகழ்ச்சிகளின் முறையை நோக்கிச் செல்லுதலே பயன் தரும். அம்முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதல் நாட் காலையில் லாப்ரடார் பூங்காவிற் றொடங்குக. கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காத்த ஆறங்குலப் பீரங்கிகளின் மேடைகள் அங்குள்ளன. பகைவர் கடல்வழியே வருவர் என்று கருதி அமைத்த அரண் இது. ஜப்பானியரோ மலாயாவின் நிலவழியே இறங்கி, 1942 பிப்ரவரி 8-ஆம் நாளிரவு வடமேற்குக் கரையில் நீரிணையைக் கடந்தனர். பீரங்கிகள் யாவும் கடலை நோக்கியே நின்றன, நிலப்புறம் திரும்பா என்பது பலர் கூறும் கதை. சாங்கிப் பக்கத்துப் பதினைந்தங்குலப் பீரங்கிகள் திரும்பிச் சுட்டதுண்டு. ஆனால் அவற்றிற்கு இருந்த குண்டுகளிற் பெரும்பாலன கப்பலின் கவசத்தைத் துளைப்பன. பரந்து வரும் காலாட்படைமீது அவை பெரும்பயன் தரவில்லை. கருவி இருந்தது; எதிர்பார்ப்புத்தான் தவறியது.

அடுத்து, பாசிர் பாஞ்சாங் மேட்டிலுள்ள புக்கிட் சண்டு. பிப்ரவரி 13, 14 ஆகிய நாட்களில் மலாய் ரெஜிமெண்டினர் இம்மேட்டில் பெருந்தொகைப் பகைவரைத் தடுத்து நின்றனர். லெப்டினண்ட் அட்னான் பின் சைடி இங்கு வீழ்ந்தார். சிறிய காட்சியகம் ஒன்று இவ்வரலாற்றைக் கூறுகின்றது.

பிற்பகலில் போர்ட் கானிங் குன்றுக்குச் செல்க. அதன் அடியிலுள்ள நிலவறைகளில் 15-ஆம் நாட் காலை, தளபதி பெர்சிவல் தம் துணைத்தளபதிகளைக் கூட்டினார். நீர்த்தேக்கங்கள் பகைவர் கையில். குழாய்கள் உடைந்து நகரில் நீர் அருகிற்று. மக்களோ நெருங்கிக் கிடந்தனர். சரணடைவதென்று முடிவாயிற்று. அன்று மாலை கையெழுத்திட்ட இடம் புக்கிட் தீமாச் சாலையிலுள்ள பழைய போர்டு மோட்டார்த் தொழிற்சாலை. இன்று அது காட்சியகம். அங்கு எதிரே அமர்ந்த யமஷிதாவின் படை தொகையிற் சிறிது. அதன் குண்டுகளும் அருகியிருந்தன. இதனைப் பெர்சிவல் அறிந்திலர். காலையில் எடுத்த முடிவையும் மாலையில் இட்ட கையெழுத்தையும் ஒரே நாளிற் காண்பவர், தளபதி ஒருவர் அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்று எண்ணாதிரார்.

இரண்டாம் நாள், பாடாங் திடலின் சுற்றுப்புறம். பொதுமக்கள் நினைவுச் சின்னத்தின் நான்கு தூண்கள், 1942 முதல் 1945 வரை மாண்ட சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் ஆகியோரை ஒன்றாக நினைவூட்டுவன. 1967 பிப்ரவரி 15-இல் திறக்கப்பட்ட இதன் அடியில், நகர் வீழ்ந்தபின் கொல்லப்பட்டாரின் எச்சங்கள் உள்ளன. திடலை நோக்கி நிற்கும் பழைய நகராண்மைக் கட்டடத்தில், 1945 செப்டம்பர் 12-இல் ஜப்பானியர் சரணடைந்தனர்.

அருகில் எஸ்பிளனேடு பூங்காவில் நம் உள்ளத்தை நிறுத்துவது ஒரு சிறு பலகை. இந்திய தேசிய ராணுவத்தில் மாண்டார்க்கு 1945 ஜூலை 8-இல் சுபாஷ் சந்திர போஸ் இங்கு அடிக்கல் நாட்டினார். எழுந்த சின்னத்தைச் செப்டம்பரில் மீண்டுவந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். ஐம்பதாண்டு கழித்து, 1995-இல், அவ்விடத்தில் அடையாளம் வைக்கப்பட்டது.

இதன்பின் ரயிலேறிக் கிராஞ்சி கல்லறைத் தோட்டத்தை அடைக. 4,400-க்கு மேற்பட்டோர் அங்கு அடங்கியுள்ளனர். கல்லறை காணாத 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இந்தியப் பெயர்கள் மிகப் பல. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்க்குத் தனிச் சின்னமும் உண்டு. பிரிட்டிஷ் அரசின்பால் கொண்ட கடமையில் நின்று மாண்டோர் இங்கே. தாயகத்தின் விடுதலைக்கென்று அணிமாறி மாண்டோர் பூங்காவிலே. ஒரே படையிலிருந்து பிரிந்த இவ்விரு திறத்தாரையும் ஒரே நாளிற் காண்பவர், எளிதில் ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைப் பழியார்.

எனவே எந்தச் சின்னத்தின்முன் நின்றாலும் மூன்று வினாக்களை எழுப்புக: இதனை எழுப்பினவர் யாவர்? இது யாரைப் பெயர் கூறுகின்றது? யாரைக் கூறாது விடுகின்றது? மூன்றாவதற்கு விடை நம் அருகிலேயே உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். போர்வீரர் அல்லராதலின் கிராஞ்சிச் சுவரில் அவர் பெயரில்லை. அவர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிச் சென்றவரும், அவர்தம் மக்களும் ஆவர். தம் குடும்பத்தில் அங்ஙனம் சென்று திரும்பாதார் உளரோ என்று முதியோரைக் கேட்டு, பெயரும் ஊரும் எழுதி வைத்தல் மாணவர் எவர்க்கும் இயலும். கல்லிற் பொறிக்கப்படாத பெயர் ஏட்டிலேனும் நிற்க வேண்டும். கேட்டுச் சொல்லவல்ல முதியோர் இருக்கும்போதே அதனைச் செய்தல் நம் கடன்.