கடலையின் நஞ்சும் குருதியின் சான்றும்

ஈரம் உலராத நிலக்கடலையில் படரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டபோதுதான் இது ஆராய்ச்சிக்கு வந்தது. மாந்தருக்கு இது கல்லீரற் புற்றுநோயை விளைவிப்பது. ஹெபடைடிஸ் பி கிருமியும் உடனிருப்பின் கேடு பன்மடங்காகும்.

ஒருவர் உண்ட நஞ்சை எவ்வாறு அளப்பது? "என்ன உண்டீர்?" என வினவிப் பயனில்லை. ஒரே மூட்டையில் ஒரு பருப்பு நஞ்சாகவும் அடுத்தது தூயதாகவும் இருக்கும். உடலோ கணக்கு வைத்திருக்கிறது. நஞ்சின் ஒரு பகுதி ஈரலில் மாறுதலுற்றுக் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு பிணைகிறது. அப்புரதம் சில வாரங்கள் நிலைப்பதால், சிறிது குருதியைச் சோதித்தே கடந்த இரண்டு மூன்று திங்களின் நிலையை அறியலாம். சிறுநீரோ ஓரிரு நாட்களின் செய்தியையே கூறும்.

இச்சோதனையின் பெரும்பயன் என நாம் கருதுவது, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வையே. பத்துச் சிற்றூர்களில் உழவர் கெட்ட கடலையைக் கையால் பொறுக்கி நீக்கினர். வெறுந்தரையில் பரப்பாது நார்ப்பாய்களில் உலர்த்தினர். சணற்சாக்கில் கட்டி மரச்சட்டத்தின்மேல் அடுக்கினர். வேறு பத்து ஊர்களில் பழைய வழக்கமே தொடர்ந்தது. அறுவடைக்கு ஐந்து திங்கள் கழித்துச் சோதித்தபோது, முன்னவர் குருதியில் அப்பிணைப்பு பின்னவரினும் பாதிக்கும் குறைவாயிருந்தது.

இச்சான்று நஞ்சு உட்புகுந்ததைக் காட்டுமேயன்றி, இன்னாருக்கு நோய் வருமெனச் சோதிடம் சொல்லாது.

எடை கூடுமென்று ஈரக் கடலையை மூட்டை கட்டுவோர் நம்மிடையே உண்டு. அதில் மீந்ததைச் சட்னிக்கு அரைப்பவரும் அவர் இல்லத்தாரே. காயின் ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேற்படாதவாறு உலர்த்துதல் வேண்டும். அந்நிலையில் குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிக்கும்.