செங்கால் நாரையும் பனிக்கால வலசையும்

தமிழ் நூல்களைப் பயிலும் மாணவர், செய்யுளில் ஒரு பறவையின் பெயர் வருமிடத்து, 'ஒரு பறவை' என்னும் அகராதிப் பொருளோடு மனநிறைவுற்று மேற்செல்லுதல் வழக்கமாயிருக்கிறது. கருப்பொருள்களுள் புள்ளும் ஒன்றெனத் தொல்காப்பியர் வகுத்ததை நாம் தடையின்றி ஒப்பிப்போம். ஆயினும், மார்கழித் திங்களில் நம் ஊர்க் கண்மாயில் நிற்கும் புள்ளின் பெயர் யாதென ஒருவர் வினவின், விடை கூற அறியோம். பூவையும் மரத்தையும் அறிந்துகொள்ள முயலுகின்ற நாம் புள்ளினத்தை மட்டும் பெயரளவில் விட்டுவிடுதல் முறையன்று. இக்குறையை நீக்குதற்கு ஏற்ற காலம் பனிக்காலம் என்பதையும், புதுக்கோட்டை மாவட்டமும் அதனை அடுத்த கடலும் தீவும் அதற்கு ஏற்ற இடங்கள் என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புலவர் கண்ட நாரை

சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். மதுரையில் வாடைக்கு நடுங்கியிருந்த புலவர், தம் வறுமையைத் தம் மனைவிக்குச் சொல்லுமாறு நாரையிடம் தூது வேண்டுகிறார். அந்நாரையின் கால் சிவந்தது. அலகு பவளம்போற் சிவந்து கூர்த்தது. பிளந்த பனங்கிழங்கின் வடிவினது. அது தன் பேடையோடு தென்கோடியாகிய குமரிக்கு வந்து, பின் வடக்கே திரும்பிச் செல்வது.

இவ்வடையாளங்களைக் கொண்டு அப்புள் இன்னதெனத் துணியலாம். நம் நாட்டில் கூடுகட்டி வாழும் நாரைகளுள் சங்குவளை நாரையின் அலகு மஞ்சள் நிறம் வாய்ந்தது; நத்தைகுத்தி நாரையின் அலகோ நடுவே இடைவெளியுடையது. கால், அலகு இரண்டும் சிவந்து, அலகு நேராய்க் கூர்த்து, பனிக்காலத்தில் மட்டும் வடக்கிலிருந்து வருவது ஒன்று உண்டு. அதுவே செங்கால் நாரை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டும் இப்பறவை குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வரும். ஆகவே, அலகின் வடிவு, காலின் நிறம், செல்லும் திசை ஆகிய மூன்றையும் புலவர் பிழையின்றிக் கண்டு பாடினார் என்பது தெளிவு. நாரையைக் கண்டறியாதவர்க்குப் பனங்கிழங்கு உவமை வெறும் அணியாய் நிற்கும். கண்டவர்க்கோ அஃது உண்மைக் காட்சியாகும்.

புறநானூற்றின் 67-ஆம் பாட்டும் இத்தகையதே. பிசிராந்தையார் அங்கே விளிக்கும் அன்னச் சேவல் குமரித்துறையிலிருந்து வடமலைக்குப் பறப்பது. திபெத்து முதலிய உயர்நிலங்களில் இனம்பெருக்கும் வரித்தலை வாத்து, இமயத்தைக் கடந்து, பனிக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை இன்றும் வருகின்றது. இது 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற் பறந்ததை அறிஞர் அளந்திருக்கின்றனர். குமரியையும் வடமலையையும் ஒரு புள்ளின் பயணத்தால் இணைத்தது புலவரின் வெறுங் கற்பனையன்று என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

2. வலசையின் இயல்பு

பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தலை வலசை என்பர். வடநாடுகளில் குளிர் மிகும்பொழுது ஏரிகள் உறைகின்றன, புழுபூச்சிகள் மறைகின்றன, பகலும் குறுகுகின்றது. இரைதேட இயலாத பறவைகள் தெற்கே வருகின்றன. கூதிர்க் காலத்தை ஒட்டி வந்து, முன்பனியில் தங்கி, பின்பனி கழியும் வேளையில் திரும்புகின்றன. புறப்படுமுன் மிகுதியாக உண்டு உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். சில இனங்களின் எடை ஏறக்குறைய இருமடங்காகும். கதிரவன், விண்மீன்கள், நிலவுலகின் காந்தப்புலம் ஆகியவற்றைத் துணைக்கொண்டு அவை வழியறிகின்றன.

இவ்வுண்மையை அறிய மேனாட்டார்க்கு நெடுங்காலம் ஆயிற்று. தகைவிலான் குருவிகள் பொந்துகளில் உறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதினார். 1822-இல் ஜெர்மனி நாட்டில் ஒரு செங்கால் நாரை, கழுத்தில் ஆப்பிரிக்கர் எய்த அம்போடு காணப்பட்டது. குளிர்காலத்தில் நாரைகள் எங்குச் செல்கின்றன என்னும் வினாவுக்கு அவ்வம்பே விடையாயிற்று. 1899-இல் டென்மார்க்கு நாட்டுப் பள்ளியாசிரியர் மார்ட்டென்சென் என்பார், எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலிற் பூட்டி விடுத்தார். அம்முறையே உலகெங்கும் பரவிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நம் கோடிக்கரையில் பல்லாயிரம் பறவைகளுக்கு இவ்வாறு வளையமிட்டுள்ளனர். இக்காலத்தில் செயற்கைக்கோள் வழியாகவும் பறவைகளின் வழி அறியப்படுகின்றது. 2022-இல் பட்டைவால் மூக்கன் இனத்து இளம்பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தொலைவை எங்கும் இறங்காது பதினொரு நாளிற் கடந்தது.

பறவைகள் தம் காலந் தவறாமல் வருதலைக் காட்டி, கடமை மறந்த தம் மக்களை எரேமியா தீர்க்கதரிசி தம் நூலின் எட்டாம் அதிகாரத்தில் கடிந்துரைத்தார். அங்கே அவர் முதலிற் குறித்த பறவையும் நாரையே. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே செல்லும் நாரைகளின் பெருவழி அவர் நாட்டின் மேலே அமைந்திருப்பதை நோக்குங்கால், அவரும் கண்டதையே கூறினார் என்பது விளங்கும்.

3. நம் கரையும் தீவும்

பாக்கு நீரிணையை ஒட்டிய நம் கடற்கரையின் வடகோடியில் கோடிக்கரையும், தென்கோடியில் இராமேசுவரத் தீவும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே நம் மாவட்டத்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய கரையூர்கள் அமைந்துள்ளன. இக்கடல் ஆழங் குறைந்தது. ஆதலின் கரையோரத்துச் சேற்றுநிலத்தில் புழுக்களும் சிறு நண்டுகளும் மிகுதி. முப்பது கிராம் அளவேயுள்ள கொசு உள்ளான், வடதுருவத்தை அடுத்த நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இத்தகைய சேற்றில் இரைதேட இத்துணைத் தொலைவு வருகின்றது.

இராமேசுவரத் தீவின் முனையாகிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். மக்கள் குடியிருப்பு அழிந்த அவ்விடத்தை அடுத்த உப்புநீர்ப் பரப்பில், பனிக்காலந்தோறும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் வந்து நிற்கின்றன. அவை வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்ணுயிர்களை வடித்து உண்ணும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் செந்நிறத்துக்குக் காரணம். 2025 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசினர் அங்கே சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தனர். இதனோடு ஒப்பிடத்தக்க காட்சி மத்தியதரைக் கடலிலும் உண்டு. நம் வேதாகமத் தமிழில் சீப்புரு எனப்படுவதும், பர்னபாவின் தாயகமுமாகிய சைப்பிரஸ் தீவில், லார்னகா உப்பேரிக்கும் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. கோடையில் வறண்டு மழைக்குப்பின் நிரம்பும் ஏரி அது. உப்பும், ஆழமின்மையும், அமைதியும் ஒருங்கே அமைந்த இடத்தையே இப்பறவைகள் தேர்ந்துகொள்கின்றன என்பது இவ்விரு தீவுகளாலும் புலப்படும்.

உள்நாட்டில் நமக்குக் கண்மாய்களே செல்வம். வடகிழக்குப் பருவமழையால் அவை நிரம்பும் காலமும், வலசைப் பறவைகள் வரும் காலமும் ஒன்றாயிருத்தல் நம் நற்பேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலியன நீர்ப்பரப்பை நாடும். உள்ளான்கள் உள்வாய் ஓரத்துச் சேற்றை நாடும். தகைவிலான்கள் வயல்மேற் பறந்து பூச்சி பிடிக்கும். தோப்புகளில் ஆறுமணிக்குருவி வந்து தங்கும். காலையிலும் மாலையிலும் ஆறுமணி அளவில் குரல் கொடுப்பதால் நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் இது. சித்தன்னவாசலில் 9-ஆம் நூற்றாண்டு ஓவியர் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தில், மீனோடும் யானையோடும் நீர்ப்பறவைகளையும் காண்கிறோம். புள்ளில்லாத குளத்தை அவர் எண்ணவில்லை போலும்!

4. காணும் முறை

இக்கல்விக்குப் பொருட்செலவு மிகுதியன்று. இருகண் தொலைநோக்கி ஒன்று கிடைப்பின் நலம்; இல்லையெனினும் கண்ணும் குறிப்பேடும் போதும். கண்மாய்க்குக் காலையிலும், கடற்கரைக்கு நீர்வற்றிச் சேறு வெளிப்படும் வேளையிலும் செல்க. கதிரவன் நம் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். முதலில் அலகின் வடிவையும், பின் காலின் நிறத்தையும் நீளத்தையும், பின் நடையையும் இரைதேடும் விதத்தையும் குறித்துக்கொள்க. பறவை எழுந்து பறக்குமளவு நெருங்குதல் கூடாது. நெடுவழி வந்த உயிர்க்கு ஒவ்வொரு முறை பறத்தலும் சேர்த்த கொழுப்பின் செலவாகும். நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுக. ஆடு மேய்ப்போரையும் வலைஞரையும் வினவி, அவர் வழங்கும் பெயரையும் எழுதுக. அகராதியில் ஏறாத சொற்கள் அவர்களிடம் உண்டு.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதந்தோறும் நடைபெறுகின்றது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களிலும் பறவைகளைக் கணக்கிடுகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தத்தம் கண்மாயை எண்ணி எழுதினால், அதுவும் இவ்வரிய தொண்டிற் சேரும்.

5. நம் கடமை

சத்திமுற்றப் புலவர் கண்ட செங்கால் நாரை இன்று தமிழ்நாட்டில் அரிதாகிவிட்டது. கண்மாய்களிற் சீமைக்கருவேல் மண்டுதலும், உள்வாய் ஆக்கிரமிக்கப்படுதலும், வலையும் கண்ணியும் நஞ்சும் வைத்தலும் வந்த விருந்தை விரட்டுவனவாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கின்றது. எனினும், ஊரார் மனம் ஒன்றாதவழிச் சட்டம் மட்டும் போதாது. மனம் ஒன்றியதற்குச் சான்று நம் அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில் உண்டு. வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமென்று கருதித் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிறுவரும் அதனை ஏற்றுக்கொண்டனர் என்பது பெரிதும் போற்றத்தக்கது.

நாரை வாராதொழியின் அப்பாட்டு அழிந்துவிடாது, ஏட்டில் நிற்கும். ஆனால் பனங்கிழங்கு போன்ற செவ்வலகைக் கண்டு, 'ஆம், புலவர் கூற்று மெய்யே' என்று சொல்லவல்ல கண்கள் தமிழ்நாட்டில் இல்லாது போம். ஆகவே, தமிழ் பயிலும் நண்பர்களே, வரும் மார்கழி, தைத் திங்களில் நும் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு காலைப்பொழுதையேனும் செலவிடுமின். அங்குக் காணும் புட்களின் பெயர்களை நும் தம்பி தங்கையர்க்கும் கற்பிமின். அதுவும் தமிழ்ப் பணியே.