வண்டி வேறு, வழக்கு வேறு

அன்புள்ள தம்பிக்கு,

செங்கம் சாலை சோதனையில் நீ குடித்துவிட்டு ஓட்டி மாட்டியதையும், அப்பா பெயரிலுள்ள கார் ஸ்டேஷனில் நிற்பதையும், லேப்டாப் பையும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் அதற்குள்ளேயே இருப்பதையும் எழுதியிருந்தாய். தெரிந்த புரோக்கர் ஒருவரை வைத்துப் பேசி எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். நேர்வழி ஒன்று இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இதை மனதில் வைத்துக்கொள்: வண்டி வேறு, வழக்கு வேறு. வண்டி கைக்கு வந்ததால் வழக்கு முடிந்துவிடாது. வழக்கு நடப்பதால் வண்டி ஸ்டேஷனிலேயே கிடக்க வேண்டும் என்பதும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு குடித்துவிட்டு ஓட்டியவருக்குத் தண்டனை சொல்கிறது. வண்டியைப் பறிக்கச் சொல்லவில்லை. ஓட்டியவரைக் கைது செய்தால் வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்த 202-ஆவது பிரிவு இடம் தருகிறது. குடித்து ஓட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது, உரிமையாளரிடமோ அவர் அனுப்பும் ஆளிடமோ ஆவணங்களைப் பார்த்து ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் வக்கீல் எடுத்துக்காட்டலாம்.

ஆகவே உரிமையாளரான அப்பாவே போகட்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார், சுருக்கமான ஒரு மனு ஆகியவை கையில் இருக்கட்டும். அவரால் போக முடியாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடு நான் போகிறேன். வண்டியை எடுத்துவர லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அது நீயாக இருக்க வேண்டாம்.

வண்டி நீதிமன்றப் பொறுப்புக்குப் போயிருந்தால், நீதித்துறை நடுவர் முன்பு விடுவிப்பு மனு போட வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள் அதற்கானவை. ஸ்டேஷன் வளாகங்களைப் பார்த்திருப்பாய்: டயர் தரையோடு அமுங்கி, பானெட்டில் கொடி படர்ந்து, இருக்கையில் எலி குடியிருக்கும் வண்டிகள். இப்படிக் கிடந்து பாழாகக் கூடாது. புகைப்படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. விபத்தும் நடந்திருந்தால், பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்த பிறகே விடுவார்கள்.

இனி உள்ளே இருக்கும் பொருட்கள். வழக்குக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. அதை முதலில் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பொருளையும் பட்டியலாக எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ஒப்புதல் கையெழுத்து பெறுங்கள். பிடித்த பொருட்களைப் பதியும் மகஜரைப் போலீஸ் போட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியை எடுக்கும்போது ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, ஸ்டீரியோ, கிலோமீட்டர் எண் எல்லாவற்றையும் பார்த்து, நாலு பக்கமும் படமெடுத்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது வழக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். லைசென்ஸும் சில காலத்துக்குப் பறிபோகலாம். ஸ்பாட் ஃபைன் கட்டி முடிக்கிற குற்றமல்ல இது, நீதிமன்றத்தில்தான் முடியும். அதனால் "இங்கேயே முடித்துவிடலாம்" என்று யார் ரொக்கம் கேட்டாலும் நம்பாதே. அபராதத்தைக் கட்டாமலும் விட்டுவிடாதே. சென்னையில் அப்படி விட்டவர்களின் வண்டிகளை நீதிமன்ற வாரண்ட் பெற்று ஜப்தி செய்யும் நடவடிக்கையில் 2023-இல் போக்குவரத்துப் போலீஸ் இறங்கியது. வக்கீலுக்கு வழியில்லை என்றால் 15100-க்குப் போன் செய். இலவச சட்ட உதவிக்கான எண் அது.

தம்பி, இவ்வளவும் வண்டியை மீட்கும் வழி. ஆனால் நீ செய்ததையும் நினைத்துப் பார். நம் ஊரில் எந்த நேரமும் சாலையில் ஆள் நடக்கிறார்கள். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க வெறுங்காலோடு நடக்கும் கூட்டம். வயதானவர்கள் ஓரத்திலேயே படுத்து உறங்குகிறார்கள். அந்த ஊருக்குள்தான் நீ போதையில் ஸ்டீயரிங் பிடித்தாய். காபியோ குளிர்ந்த நீரோ போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். குடித்து ஓட்டி வண்டி அடிபட்டால் அந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

போலீஸ் நிறுத்தியதால் உன் கையால் ஓர் உயிர் போகவில்லை. அதற்கு நன்றி சொல். நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லி அபராதத்தைக் கட்டு. இனி குடித்திருந்தால் சாவியைத் தொடாதே. எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய், நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்