மலைச்சாரலில் மழை மாறுவது ஏன்?
நிலத்திலேயே மழையை அளப்பீர்

காவேரிப்பட்டினத்தில் நல்ல மழை பெய்த செய்தி கேட்டு, நாலு கல் தொலைவில் இருக்கும் உழவர் கேழ்வரகு விதைக்கிறார். அவர் நிலத்தில் விழுந்ததோ தூறல்தான். விதை முளைத்துக் காய்ந்துவிடுகிறது. விதையும் உழவுக் கூலியும் நஷ்டமாகின்றன.

இதற்குக் காரணம் மலைகளே. ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே எழும்பிக் குளிர்ந்து மழையாகிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்று சூடாவதால் மறுபுறம் மழை குறைகிறது. தென்மேற்குப் பருவத்தில் மலையின் மேற்குச் சரிவும், வடகிழக்குப் பருவத்தில் கிழக்குச் சரிவும் பொதுவாக அதிக மழை பெறும். ஆகவே நிலம் மலைக்கு எந்தப் பக்கம் உள்ளது என்பதை உழவர் அறிந்திருத்தல் வேண்டும். இடிமழையோ இன்னும் குறுகியது. ஒரு மேகம் சில கிலோ மீட்டர் அகலத்திற்கே பெய்து ஓய்ந்துவிடும்.

புயல் மழையும் எங்கும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்கு வந்தபோது, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே மாவட்டத்து ஓசூர்ப் பகுதியில் அதில் பாதிகூடப் பெய்யவில்லை.

எனவே அவரவர் நிலத்தில் மழையை அளப்பதே நல்லது. அதற்குச் செலவு அதிகமில்லை.

வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய டப்பா ஒன்று போதும். மரம், கட்டடம் இவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி, திறந்த வெளியில், தரையிலிருந்து சுமார் ஓரடி உயரத்தில், சாயாமல் பொருத்த வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும்.

10 மில்லி மீட்டர் மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் நீராகும். அளவு நன்றாக இருந்தாலும், விதைக்குமுன் மண்வெட்டியால் அரையடி தோண்டிப் பார்த்தல் அவசியம். அந்த ஆழம்வரை ஈரம் இருந்தால் மட்டுமே மானாவாரி விதைப்பைத் தொடங்கலாம். மேல்மண் மட்டும் நனைந்திருந்தால் அடுத்த மழைக்குக் காத்திருப்பதே இலாபம்.

இரண்டு மூன்று ஆண்டுகள் குறித்து வைத்தால், தம் நிலத்திற்கு எந்த மாத மழையை நம்பலாம் என்பது உழவருக்குப் புலப்படத் தொடங்கும். ஆண்டுகள் கூடக்கூடக் கணக்கும் உறுதிப்படும். ஊர் மழை வேறு, வயல் மழை வேறு.