எவ்வளவு நேரம் மரத்துப் போச்சு?

நரம்பியல் மருத்துவர் கேட்பது சாதாரணக் கேள்விதான்: "எவ்வளவு நேரம் மரத்துப் போச்சு?" எதிரே இருப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்ப நேரம் டாக்டர்" என்கிறார். அந்த ரொம்ப நேரம் இருபது நிமிடமா, இருபது நாளா? மைக்ரேன் என்று முன்பு யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை நம்பலாமா, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் எனும் எம்.எஸ். நோயைத் தேட வேண்டுமா என்பதை முடிவு செய்ய, முதலில் இந்தப் பதில்தான் வேண்டும்.

சந்தேகப்படுவதில் தவறில்லை. இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இரண்டிலும் கை மரக்கும், பார்வை கெடும், தலை சுற்றும். ஒருவருக்கே இரண்டும் வரலாம். மாதத்தில் பல நாட்கள் மைக்ரேனோடு படுக்கையில் கிடந்ததை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், தமக்கு எம்.எஸ். என்று மருத்துவர்கள் சொன்னதையும் 'தி ஒயிட் ஆல்பம்' கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம். செல்போன் வேண்டாம், அதில் எழுதியதை மருத்துவர் முன் தேடியெடுப்பதற்குள் நேரம் போய்விடும். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, வலமா இடமா, தலைவலி வந்ததா, வந்தால் முன்பா பின்பா. இவ்வளவு போதும். "தாங்க முடியல" என்பதற்கு அதில் இடமில்லை.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தலைவலி வந்த நாட்களை மட்டும் ஒழுங்காகக் குறித்துவிட்டு, தலைவலியே இல்லாமல் கால் மரத்துக் கிடந்த நாட்களை விட்டுவிடுகிறார்கள். மருத்துவருக்கு முக்கியமாக வேண்டியதே அந்த நாட்கள்தான். மைக்ரேனின் 'ஆரா' எனும் முன்னறிகுறி மெல்ல நகரும்: விரல் நுனியில் கூச்சம், பிறகு கை, பிறகு உதடு. ஒவ்வோர் அறிகுறியும் பொதுவாக 5 முதல் 60 நிமிடத்தில் அடங்கும். எம்.எஸ். தாக்குதல் என்று கணக்கில் எடுக்க, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் குறைந்தது 24 மணி நேரம் நீடித்திருக்க வேண்டும். நடைமுறையில் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இழுக்கும்.

பார்வை மங்கினால் உடனே ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், பிறகு மற்றதை. இதைச் செய்யாமலேயே "வலது கண் தெரியல" என்று சொல்பவர்கள் பலர். பல நேரம் போயிருப்பது வலது கண் அல்ல, இரு கண்களிலும் வலப்பக்கக் காட்சி. மைக்ரேனின் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். எம்.எஸ்.ஸில் வரும் பார்வை நரம்பு அழற்சி பெரும்பாலும் ஒரு கண்ணைத்தான் பிடிக்கும்; விழியை அசைத்தால் வலிக்கும், நிறம் வெளுக்கும். குங்குமச் சிமிழை ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தால் போதும். ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு சாயம் போனதுபோல் இருந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கழுத்தைக் குனிக்கும்போது முதுகில் கரண்ட் ஷாக் அடித்ததுபோல் இறங்கினால் அதையும் எழுதலாம். பி12 குறைவிலும் கழுத்தெலும்புத் தேய்மானத்திலும் அது வரும் என்பதால் உடனே மிரள வேண்டியதில்லை. வெந்நீர்க் குளியலிலோ வெயிலிலோ பழைய மரப்பு திரும்பி, உடல் குளிர்ந்ததும் போய்விட்டால் அதுவும் ஒரு வரி.

அடுத்து, ஸ்கேன். நேராக ஸ்கேன் சென்டருக்கு ஓடுவது பணத்துக்கும் கேடு, நிம்மதிக்கும் கேடு. மைக்ரேன்காரர்கள் மூளையிலும் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. தவறு மறுபக்கமும் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு எம்.எஸ். மையங்களுக்கு அந்த நோய்ப் பெயரோடு வந்த 241 பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வில், 43 பேருக்கு அது எம்.எஸ்.ஸே இல்லை. அவர்களிடம் அதிகம் காணப்பட்ட மாற்றுக் காரணம் மைக்ரேன்தான். புள்ளி எத்தனை என்பதைவிட எங்கே, என்ன வடிவில் இருக்கிறது என்பதை நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமும் சி.டி.யும் கையில் இருக்க வேண்டும். தண்டுவடத்துக்கும் ஸ்கேன் வேண்டுமா, பி12, எம்.எஸ். போலத் தோன்றும் வேறு நோயைக் காட்டும் ஏ.க்யூ.பி.4 எதிர்ப்பொருள் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

"எனக்கு எம்.எஸ். இருக்கா?" என்று ஆரம்பித்தால், "இணையத்துல படிச்சீங்களா?" என்ற பதில்தான் வரும். நோட்டைத் திறந்து வைத்து, "இந்த ஆறு நாள் மரப்பு மைக்ரேன்ல வருமா டாக்டர்?" என்று கேட்டால் பரிசோதனைச் சுத்தியல் தானாக வெளியே வரும். எது என்று தெரியும்வரை மைக்ரேன் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

நோட்டைத் தேடக் கூடாத நேரமும் ஒன்று உண்டு. முகம் திடீரென ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் சட்டென விழுந்துவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது மணியை மட்டும் பார்த்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும்.