பலகையைக் குடைந்த மனிதர்

காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் நம்மில் பலர். குடம் ஏன் மிதக்கிறது? அதன் உள்ளே காற்று இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மையைக் கொண்டு ஒருவர் புதிய பொருள் ஒன்றைச் செய்தார். அவர் பெயர் டாம் பிளேக்.

படிப்பு நின்றது

டாம் பிளேக் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் 1902-ஆம் ஆண்டு பிறந்தார். ஒரு வயது நிறையும் முன்பே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். உறவினர்கள் அவரை வளர்த்தார்கள்.

1918-இல் உலகம் முழுவதும் கொடிய ஃப்ளூ காய்ச்சல் பரவியது. அவர் படித்த பள்ளியை மூடினார்கள். அத்துடன் அவர் படிப்பு நின்றது. மீண்டும் அவர் பள்ளிக்குப் போகவில்லை. ஊர் ஊராகச் சென்று கிடைத்த வேலையைச் செய்தார்.

1920-இல் டெட்ராய்ட் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் டியூக் கஹனமோக்கு என்பவரைப் பார்த்தார். டியூக் ஹவாய்த் தீவைச் சேர்ந்தவர். ஒலிம்பிக் போட்டியில் நீச்சலுக்குத் தங்கப் பதக்கம் வென்றவர். கடல் அலைமேல் பலகையில் நின்று சவாரி செய்வதில் வல்லவர். பிளேக் அவரிடம் போய்க் கை குலுக்கினார். அப்போது பிளேக்குக்கு வயது 18. அந்தச் சந்திப்பு அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. பிறகு அவர் கலிபோர்னியா சென்றார். நீச்சல் வீரர் ஆனார். 1924-இல் ஹவாய்க்குப் போனார்.

பழைய பலகை சொன்ன பாடம்

அலைச் சவாரி ஹவாய் மக்களின் பழைய கலை. ஆண், பெண், அரசர், குடிமக்கள் எல்லோரும் அதில் ஈடுபட்டார்கள். வெளிநாட்டார் வந்த பின்பு, அவர்களோடு வந்த புதிய நோய்களால் மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். மதப் போதகர்கள் பலர் அலைச் சவாரியைப் பிடிக்காமல் ஒதுக்கினார்கள். கலை நலிந்தது. ஆனால் அழியவில்லை. டியூக் போன்றவர்கள் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.

ஹொனலூலு நகரத்தில் பிஷப் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹவாய்த் தலைவர்களின் பழைய அலைப் பலகைகள் அங்கே இருந்தன. 1926-இல் பிளேக் அவற்றைச் சுத்தம் செய்து பழுது பார்த்தார். கையால் தடவி, அளந்து, உருவத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்.

அதே போல ஒரு பலகை செய்ய விரும்பினார். 16 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குலக் கனம். அதன் எடை சுமார் 68 கிலோ! தனி ஆள் தூக்க முடியுமா?

பிளேக் யோசித்தார். பலகையில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டார். ஒரு மாதம் காய வைத்தார். மேலும் கீழும் மெல்லிய மரத்தை ஒட்டித் துளைகளை மூடினார். எடை சுமார் 45 கிலோவாகக் குறைந்தது. உள்ளே இருந்த காற்று பலகையை நன்றாக மிதக்க வைத்தது.

பார்த்தவர்கள் சிலர், "இது என்ன, பெரிய சுருட்டா?" என்று கேலி செய்தார்கள். அந்தப் பலகை தண்ணீரில் வேகமாகப் போனது. கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. உடம்புக்குள் விலா எலும்பு இருப்பது போல, உள்ளே மரச் சட்டங்களை வைத்தார். அவற்றின் மேல் மெல்லிய பலகையைப் போர்த்தினார். பலகை இன்னும் லேசானது. 1932-இல் இந்த முறைக்கு அமெரிக்க அரசின் காப்புரிமை கிடைத்தது.

உயிர் காக்க உதவியது

எடை குறைந்ததால் என்ன பயன்? பெரும் பலசாலிகள் மட்டும் தூக்கிய பலகையை மற்றவர்களும் தூக்க முடிந்தது. கடற்கரைக் காவலர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். கடலில் ஒருவர் தத்தளித்தால், பலகையில் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளி விரைவாகப் போகலாம். அவரைப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கரைக்குக் கொண்டு வரலாம்.

இன்னொரு குறை இருந்தது. திரும்பும்போது பலகையின் பின்பக்கம் வழுக்கி விலகும். சவாரி செய்பவர் ஒரு காலைத் தண்ணீரில் விட்டு இழுத்துத்தான் திருப்ப வேண்டும். 1935-இல் பிளேக், பழைய விசைப்படகு ஒன்றின் அடித்தகட்டை எடுத்தார். பலகையின் அடியில், பின்பக்கத்தில் பொருத்தினார். வழுக்கல் நின்றது. இன்று பலகைகள் மரத்தால் அல்ல, பெரும்பாலும் நுரைப் பொருளால் செய்யப்படுகின்றன. ஆனால் மீன் துடுப்பு போன்ற அந்த அடித்தகடு இன்றும் இருக்கிறது.

எழுதி வைத்தார்

தனக்குத் தெரிந்ததை பிளேக் மறைத்து வைக்கவில்லை. அதே 1935-இல் ஹவாய் அலைப் பலகை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பலகை செய்யும் முறை, படமும் அளவும் சேர்ந்து, 1937-இல் ஒரு பத்திரிகையில் வந்தது. அவரை நேரில் பார்க்காதவர்களும் அதைப் படித்துத் தங்கள் வீட்டிலேயே பலகை செய்தார்கள்.

டாம் பிளேக் 1994-இல், 92-ஆம் வயதில் காலமானார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்தான். ஆனால் கற்பதை நிறுத்தவில்லை. பழைய பலகையிடம் கற்றார். ஹவாய் மக்களிடம் கற்றார். கற்றதை எழுதி வைத்தார். எழுதி வைத்ததால் அந்த அறிவு பலருக்குப் போய்ச் சேர்ந்தது.

விடை சொல்லுங்கள்

1. பிளேக்கின் பள்ளிப் படிப்பு ஏன் நின்றது?
2. பலகையின் எடையை அவர் எப்படிக் குறைத்தார்? எத்தனை கிலோ குறைந்தது?
3. அடித்தகடு இல்லாத பலகையில் என்ன சிரமம் இருந்தது?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் ஏர் செய்பவர், கூடை முடைபவர், வலை பின்னுபவர், மூலிகை அறிந்தவர் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைப் பத்து வரியில் எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.