பில்லுக்கு முன் கேபினெட்

அன்புள்ள கயல்,

கல்லூரிக்கு டெஸ்க்டாப் வாங்க அப்பா அறுபதாயிரம் ஒதுக்கியிருக்கிறாராம். மேக் மினியா, ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்வதா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறதாம். உன் அம்மா போனில் சொன்னாள். நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இன்றைக்குக் கொடுக்கும் பணத்தோடு விலை முடிவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2024இல் எம்4 மேக் மினி இங்கே 59,900 ரூபாய்க்கு வந்தது. 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டிபன் டப்பா அளவுதான். சத்தமில்லை, கரண்டும் அதிகம் இழுக்காது. அந்த வேகத்துக்கு அது நியாயமான விலை. ஆனால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனிச் செலவு. 512 ஜிபி கேட்டால் அப்போது இன்னும் 20,000. ராம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பிறகு கூட்ட வழியில்லை. மூன்றாம் ஆண்டில் 16 போதவில்லை என்றால் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

அசெம்பிள் செய்த டவரின் பலம் பொது அளவுதான். இன்டெல் 1995இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால் ஒரு கம்பெனியின் மதர்போர்டு இன்னொரு கம்பெனியின் கேபினெட்டில் உட்காருகிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டையும் கவனி. 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2020இல் வந்த ரைசன் 5000 சிப்பை அதே போர்டில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் எல்லாமே இப்படிப் பொருந்தாது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ராம் ஏறாது. நடுவிலுள்ள வெட்டே இடம் மாறியிருக்கும்.

டவர் என்றாலே பாகம் மாற்றலாம் என்று நம்பி நானே ஒருமுறை ஏமாந்தேன். பெரிய கம்பெனி டவர், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் புகைந்துவிட்டது. கடையில் புதிது வாங்கி வந்து பார்த்தால் அதன் 24 பின் கனெக்டர் போர்டில் நுழையவே இல்லை. அந்தக் கம்பெனி தனக்கென்று வேறு கனெக்டர் வைத்திருந்தது. ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் முடிய வேண்டிய வேலை, போர்டு, கேபினெட் வரைக்கும் இழுத்துவிட்டது.

அதனால் கடையில் பக்க மூடியைக் கழற்றச் சொல். ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, எஸ்எஸ்டிக்கு இரண்டாவது எம்.2 ஸ்லாட் உண்டா, எஸ்எம்பிஎஸ் நல்ல கம்பெனியுடையதா என்று பார். போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் கஞ்சத்தனம் வேண்டாம். அவற்றை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மிச்சம் பிடிப்பதை ராமில் பிடி. இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒரே 16 ஜிபியாக வாங்கி மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடு. வேகம் கொஞ்சம் குறையும், குறிப்பாக கேம் ஆடினால். ஆனால் பின்னால் இன்னொன்றை வைத்து இரு முனையையும் அழுத்தினால் 'க்ளிக்'. ஐந்து நிமிட வேலை. கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான், தேவை வரும்போது வாங்கலாம்.

எழுத்து, புரோகிராமிங், படம் பார்ப்பது இவ்வளவுதான், நான்கு வருடம் மூடியைத் தொடவே மாட்டேன் என்றால் மேக் மினியையே வாங்கு. பாகம் மாற்றும் வசதிக்கு வீணாகப் பணம் கொடுக்காதே. இல்லை, தேவை வளரும் என்று தோன்றினால் டவர்.

டவர் என்று முடிவானால், பில் போடும் முன் திறந்த கேபினெட்டை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பில்லை அப்புறம் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா